கானாவில் பட்டைவாரி டிஸ்டார்ஷன்: ஒரு வடசென்னைப் பாடலின் மிக்ஸிங் ஆய்வு

பாடலும் சிக்கலும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு கானாப் பாடல். பாடியவர் கொருக்குப்பேட்டைக்காரர், டோலக் வாசித்தவர் வியாசர்பாடியிலிருந்து வந்தார், கிக்கையும் (கனத்த தாள அடி) பேஸையும் (கீழ்ச்சுர ஒலி) கணினியில் அமைத்தவர் இசையில் இப்போதுதான் காலூன்றி வரும் ஓர் இளைஞர். குரலும் டோலக்கும் தண்டையார்பேட்டையில் மாடியில் இருக்கும் என் சிறிய அறையில் பதிவாயின. மிக்ஸிங்கும் அங்கேயே நடந்தது. கருவிகள் அதிகம் இல்லை. டோலக், ஹார்மோனியம், கைத்தட்டு, சிந்த் பேஸ், கிக், முன்னணிக் குரல், நண்பர்கள் சேர்ந்து பாடிய கோரஸ், அவ்வளவுதான். சுருதி ஐந்து கட்டை.

இளைஞர் தம் வீட்டிலேயே ஒரு முதல் மிக்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார். அதில் என்ன குறை என்பதை அவரே ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ணா, ஷேர் ஆட்டோல போட்டா வண்டியே குலுங்குது, போன்ல போட்டா டோலக்கையே காணும்ணா." பேஸை ஏற்றினால் ஆட்டோவில் குரல் மூழ்கியது. இறக்கினால் போனில் பாட்டு வெறும் குரலும் கைத்தட்டுமாக மெலிந்துபோனது. இடையில் ஒரு நல்ல அளவு இருக்கும் என்று நம்பி அவர் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) மேலும் கீழும் தள்ளிப் பார்த்திருக்கிறார். அப்படி ஓர் அளவு கிடையாது என்பதுதான் இந்தச் சிக்கலின் அடிப்படை.

கானாவைப் பொறுத்தவரை இது சில்லறைக் குறையன்று. பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் பதில் சொல்வது டோலக். அந்தப் பதிலின் பாதி, இடந்தலையில் (டோலக்கின் கனத்த ஒலி தரும் பக்கம்) உள்ளங்கை அழுத்தி எழுப்பும் இழுப்பில் இருக்கிறது. அந்த இழுப்பு கேட்காவிட்டால் பாடகர் தனியாக நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். இந்தப் பாட்டைக் கேட்கப் போகிறவர்கள் எந்த வழியாகக் கேட்பார்கள் என்பதும் தெரிந்ததே: பெரும்பாலும் போன் ஸ்பீக்கர், அடுத்தபடியாக டோல்கேட்டிலிருந்து பாரிமுனை வரை ஓடும் ஷேர் ஆட்டோவின் வூஃபர், டீக்கடையின் புளூடூத் ஸ்பீக்கர், ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் தெருமுனையில் அடுக்கும் சவுண்ட் சர்வீஸ் பெட்டிகள். இந்த நான்கு இடத்திலும் டோலக்கும் பேஸும் தம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதே எடுத்துக்கொண்ட வேலை. அதற்குக் கைகொடுத்தது பட்டைவாரி டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் அலையையும் தனித்தனியே வளைக்கும் முறை.

காது கீழ்ச்சுரத்தை அறியும் வழி

ஐந்து கட்டை சுருதியில் பேஸின் கீழ் ஷட்ஜம் 49 ஹெர்ட்ஸ். போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் சவ்வு விரல்நகம் அளவுதான். அதனால் தள்ள முடிந்த காற்றின் அளவு மிகக் குறைவு. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். எனவே 49 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினாலும் 12 டெசிபல் ஏற்றினாலும் போனில் எதுவும் மாறாது. அதே நேரத்தில் ஷேர் ஆட்டோவின் இருக்கைக்குக் கீழே இருக்கும் வூஃபர் பெட்டி அந்தப் பகுதியைத்தான் தூக்கிக் காட்டும். ஏற்றிய ஒவ்வொரு டெசிபலும் அங்கே முழுதாக வந்து சேரும். ஃபேடரால் இதைத் தீர்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஒரு சுரத்தின் உயரத்தை அறிய, அதன் அடி அதிர்வு காதுக்கு வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 49 ஹெர்ட்ஸின் மடங்குகளான 98, 147, 196, 245, 294 ஆகியவை, அதாவது அதன் ஹார்மோனிக்குகள், போதுமான அளவு கேட்டால், அவற்றுக்கிடையே உள்ள சமமான இடைவெளியிலிருந்து மூளை 49-ஐத் தானே கட்டிக்கொள்ளும். பழைய லேண்ட்லைன் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. ஆண்குரலின் அடி அதிர்வு அதற்கு வெகு கீழே, 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தும், பேசியது அப்பாவா தம்பியா என்பதில் எவருக்கும் ஐயம் வந்ததில்லை. ஆகவே போனில் பேஸ் கேட்க வேண்டுமானால், 49 ஹெர்ட்ஸைத் தூக்குவதை விட்டுவிட்டு, 250-க்கு மேல் அதன் ஹார்மோனிக்குகளை உண்டாக்க வேண்டும். டிஸ்டார்ஷன் செய்வது அதைத்தான். உள்ளே போகும் அலையின் வடிவத்தை வளைக்கிறது. வளைந்த அலையில் முன்பு இல்லாத மடங்குகள் பிறக்கின்றன.

முழு மிக்ஸ் மீது இட்டால் நேர்வது

இளைஞரின் முதல் மிக்ஸில் மாஸ்டர் சேனலில், அதாவது எல்லாத் தடங்களும் ஒன்றுசேரும் கடைசி வழியில், ஒரு சாச்சுரேஷன் பிளகின் (மென்மையான டிஸ்டார்ஷன் தரும் துணை மென்பொருள்) ஏற்கெனவே இருந்தது. உள்ளுணர்வு சரியான பக்கம்தான் போயிருக்கிறது. போனில் பேஸ் சற்று எட்டிப்பார்த்ததும் அதனால்தான். ஆனால் கிக் விழும் ஒவ்வொரு முறையும் குரல் ஒரு கணம் கரகரத்தது. கைத்தட்டு மணல் கொட்டுவதுபோல் உதிர்ந்தது. கேட்பவர் இதைக் குரலின் குறை என்றே எண்ணுவார். உண்மையில் பாடகரின் குரல் மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

காரணம் இடைப்பண்பேற்றம். வளைந்த பாதை ஒன்றின் வழியே இரண்டு அதிர்வெண்கள் ஒன்றாகச் செல்லும்போது, அவற்றின் மடங்குகளோடு நில்லாமல், கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களும் பிறக்கும். 49 ஹெர்ட்ஸ் பேஸும் குரலில் 800 ஹெர்ட்ஸில் இருக்கும் ஒரு பகுதியும் சேர்ந்து போனால் 751, 849, 702, 898 என்று குரலைச் சுற்றி ஒரு வேலி முளைக்கும். அவை குரலுக்கும் சொந்தமில்லை, பேஸுக்கும் சொந்தமில்லை. சுருதியில் எங்கும் உட்காராதவை. பேஸ் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு பலமாக இந்த வேலியும் இருக்கும் என்பதால்தான் கிக்கோடு சேர்ந்து குரல் கரகரக்கிறது.

பட்டைவாரி டிஸ்டார்ஷன் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒலியைக் கிராஸ்ஓவர் வடிகட்டிகளால் கீழ், நடு, மேல் என்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வளைவுக்கு உட்படுத்தி, பிறகு ஒன்றுசேர்ப்பது இதன் முறை. பேஸும் குரலும் ஒரே வளைவுக்குள் சந்திக்காததால் அவற்றுக்கிடையே வேலி முளைக்காது. யோசனை புதியதன்று. கிட்டாருக்காக நான்கு பட்டைகளில் ஒலியை உடைக்கும் குவாட்ராஃபஸ் என்ற சுற்றை கிரெய்க் ஆண்டர்டன் 1984-இல் வெளியிட்டார். பின்னர் அது கியூபேஸ் மென்பொருளுக்குள் பிளகினாகவும் வந்தது. இன்று ஃபேப்ஃபில்டர் சாட்டர்ன் போன்ற பிளகின்கள் ஆறு பட்டை வரை தருகின்றன. பட்டைகளைப் பிரிக்கப் பரவலாகப் பயன்படும் வடிகட்டி, சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரையின் வழியே அறியப்பட்ட லிங்க்விட்ஸ்–ரைலி வகை. அதில் ஒவ்வொரு பட்டையும் வெட்டும் இடத்தில் 6 டெசிபல் குறைந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் அளவு பழையபடி சமமாகிவிடும்.

ஆனால் இந்த முறை தீர்க்காத ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வெவ்வேறு பட்டையில் இருப்பவை சந்திக்காது. ஒரே பட்டைக்குள் இருப்பவை கட்டாயம் சந்திக்கும். இந்தப் பாட்டில் பேஸ் 49 ஹெர்ட்ஸிலும் டோலக்கின் இடந்தலை 90-ஐ ஒட்டியும் ஒலிக்கின்றன. மாஸ்டரில் மூன்று பட்டையாகப் பிரித்தாலும் இவை இரண்டும் கீழ்ப்பட்டைக்குள்ளேயே இருக்கும். அங்கே டிரைவை, அதாவது வளைக்கும் அளவை, ஏற்றினால் 41, 131, 139, 188 என்று உறவற்ற அதிர்வுகள் பிறந்து அடிப்பகுதி முழுவதும் சேறாகிவிடும். பிளகினின் திரையில் அழகாகப் பிரித்து வைத்த வண்ணப் பட்டைகள் இதை மறைத்துவிடுகின்றன. ஆகையால் மாஸ்டரில் இருந்ததை முழுதாக நீக்கிவிட்டு, பேஸுக்குத் தனியாகவும் டோலக்குக்குத் தனியாகவும் வேலையைத் தொடங்கினேன். தனித் தடத்தில் செய்யக்கூடியதை மாஸ்டரில் செய்யக் கூடாது என்பது இந்தக் கருவியைப் பொறுத்தவரை என் உறுதியான கருத்து.

பேஸ்

இளைஞர் தேர்ந்தெடுத்த சிந்த் பேஸ் ஏறக்குறையத் தூய சைன் அலை, அதாவது மேல் மடங்குகள் இல்லாத ஒற்றை அதிர்வு. வழக்கமாகச் சொல்லப்படும் உத்தி, பேஸின் அடிப்பட்டையைத் தூய்மையாக விட்டு, 100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பட்டையை மட்டும் டிஸ்டார்ட் செய்வது. கம்பி பேஸ் கிட்டாருக்கு அது நன்றாக வேலை செய்யும், ஏனெனில் கம்பி தானாகவே பல ஹார்மோனிக்குகளைத் தருகிறது. சைன் அலையில் 100-க்கு மேல் எதுவும் இல்லை. காலியான பட்டைக்கு எவ்வளவு டிரைவ் கொடுத்தாலும் காலியாகத்தான் இருக்கும்.

எனவே இங்கே முறையைத் திருப்ப வேண்டியிருந்தது. பேஸ் தடத்துக்கு ஒரு நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் விட்டு, நகலில் அடி அதிர்வையே வளைவுக்குள் செலுத்தி, வெளியே வந்ததில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அழுத்தமாக வெட்டிவிட்டேன். 1500-க்கு மேலும் தேவையில்லை என்பதால் அங்கும் வெட்டு. இப்போது இரண்டு பட்டைகள் கிடைக்கின்றன: தூய 49 ஹெர்ட்ஸ் ஒரு ஃபேடரில், அதிலிருந்து பிறந்த ஹார்மோனிக்குகள் மற்றொரு ஃபேடரில். ஆட்டோவுக்கு முதலாவது, போனுக்கு இரண்டாவது. ஒன்றை ஏற்ற மற்றொன்றைத் தொட வேண்டாம்.

வளைவின் வகை இங்கே முக்கியம். மேலும் கீழும் ஒரே அளவில் நசுக்கும் சமச்சீர் வளைவு ஒற்றைப்படை மடங்குகளை மட்டும் தரும்: 147, 245, 343. இவற்றின் இடைவெளி 98. காதுக்கு இடைவெளிதான் துப்பு என்பதால், போனில் கேட்கும்போது பேஸ் ஒரு ஸ்தாயி மேலே போனதுபோலவும் உள்ளே கூடாக இருப்பதுபோலவும் ஒரு தடுமாற்றம் வந்தது. ஒரு பக்கம் கூடுதலாக நசுக்கும் சமச்சீரற்ற வளைவுக்கு மாற்றியதும் இரட்டைப்படை மடங்குகளும் சேர்ந்தன. 196, 245, 294, 343, 392 என்று வரிசை நிறைந்து, இடைவெளி 49 ஆனது. அதன் பிறகுதான் போனில் கேட்டபோது பேஸ் தன் ஸ்தாயியில் வந்து அமர்ந்தது. சமச்சீரற்ற வளைவு அலையின் நடுக்கோட்டைச் சற்று நகர்த்திவிடும். 120-இல் இட்ட வெட்டு அதையும் சேர்த்து நீக்கிவிட்டது.

டிரைவ் அளவு தனியாகக் கேட்பவருக்கு மிகையாகவே தோன்றும். மென்மையான டேப் வகை வளைவில் மூன்றாம் மடங்கு மட்டும் மேலோங்கும், ஆறு ஏழு என்று போகப்போக விரைவில் வற்றிவிடும். போனுக்குத் தேவைப்படுவதோ ஐந்துக்கு மேற்பட்டவை. எனவே கூர்மையான வளைவும் தாராளமான டிரைவும் வேண்டியிருந்தன. மூலம் தூய்மையாகப் பக்கத்திலேயே இருப்பதால் நகலை எவ்வளவு முரட்டுத்தனமாக நடத்தினாலும் அடிப்பகுதி கெடாது. நகலின் ஃபேடர் மூலத்தைவிட 14 டெசிபல் கீழே நின்றது. பெரிய ஸ்பீக்கரில் அதை நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் வித்தியாசம் கண்டுகொள்வது கடினம். போனில் நிறுத்தினால் பேஸே போய்விடும்.

டோலக்

டோலக்குக்கு இரண்டு மைக்குகள் வைத்திருந்தோம், வலந்தலைக்கு ஒன்று, இடந்தலைக்கு ஒன்று. இடந்தலைத் தடத்தை மட்டும் டிஸ்டார்ட் செய்தால் போதாதா, பட்டை எதற்கு என்று இளைஞர் கேட்டார். டோலக்கின் நீளம் இரண்டடியை எட்டுவது அரிது. இடந்தலை மைக்குக்குள் வலந்தலையின் கூர்மையான விரல் ஒலி தாராளமாகக் கசியும். முழுத் தடத்தையும் வளைத்தால் அந்தக் கசிவும் வளைந்து, விரல் ஒலி தகரம்போல் ஆகும். கீழ்ப்பட்டையை மட்டும் எடுத்தால் கசிவு தப்பிக்கும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட்டது தகும். மிருதங்கக்காரர்கள் கும்கி என்று சொல்லும் இழுப்பு டோலக்கிலும் உண்டு. அடித்த கையின் அடிப்பாகம் தோலின்மீது அழுந்தி நகரும்போது இழுவிசை கூடி, சுரம் கீழிருந்து மேலே ஏறும். இந்தப் பதிவில் அது 85 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கி 115 வரை ஏறியது. பிளகினின் தொடக்க அமைப்பில் முதல் கிராஸ்ஓவர் 100-இல் இருந்தது. அப்படியே விட்டால் ஒரே இழுப்பு கீழ்ப்பட்டையில் தொடங்கி நடுப்பட்டையில் முடியும். பாதி வழியில் ஒலியின் நிறம் மாறும். கேட்பவர் காரணம் அறியாமலே ஏதோ இடறுகிறது என்று உணர்வார். வெட்டு 180-க்கு உயர்ந்ததும் முழு இழுப்பும் ஒரே பட்டைக்குள் அடங்கியது. வலந்தலையின் சுரம் அதற்கு வெகு மேலே என்பதால் அதற்கும் தொல்லையில்லை. முன்னமைப்பில் வரும் எண்களைக் காட்டிலும் கருவி எங்கே நடமாடுகிறது என்பதைப் பார்த்து வெட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பயன் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. சுரம் 85-இலிருந்து 115-க்கு ஏறும்போது அதன் மூன்றாம் மடங்கு 255-இலிருந்து 345-க்கு ஏறுகிறது. நான்காம் மடங்கு 340-இலிருந்து 460-க்கு. ஆகவே போன் ஸ்பீக்கர் அடி அதிர்வை முற்றிலும் விழுங்கிவிட்டாலும் இழுப்பின் ஏற்றம் அப்படியே கேட்கிறது. இடந்தலையின் தோல் ஒரே சுரத்தில் நெடுநேரம் நிற்காது என்பதால் இங்கே மென்மையான வளைவும் சிறிய டிரைவுமே போதுமானவை. இன்னொரு நன்மையும் தானாகச் சேர்ந்தது: அடியின் முதல் உச்சம் வளைவில் சற்றுத் தட்டையாகி, தடத்தின் உச்ச அளவு 3 டெசிபல் இறங்கியது, கேட்கும் சத்தம் இறங்கவில்லை. கடைசியில் லிமிட்டருக்கு (உச்சம் எல்லை மீறாமல் தடுக்கும் கருவி) வேலை குறைந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே பதிவு செய்ய வேண்டும். முதலாவது பேஸ் அமைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. பேஸுக்குச் செய்ததுபோல் டோலக்குக்கும் ஒரு நகல் எடுத்து, அதில் பட்டைவாரி பிளகினை வைத்து, மூலத்தோடு கலக்கலாமே என்று தோன்றும். 24 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்–ரைலி கிராஸ்ஓவர் அளவை மாற்றாவிட்டாலும் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை) சுழற்றுகிறது. வெட்டும் அதிர்வெண்ணில் அந்தச் சுழற்சி சரியாக 180 பாகை. சுழலாத மூலத்தோடு சம அளவில் கலந்தால் 180 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டோலக்கின் உடலில் ஒரு குழி விழும். பேஸில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், மூலத்தில் 49-க்கு மேல் அழிய எதுவும் இல்லை. டோலக்கில் எல்லாம் உண்டு. எனவே கலப்பு விகிதத்தைப் பிளகினுக்குள் இருக்கும் குமிழாலேயே வைத்துக்கொண்டேன். உள்ளே கலக்கும் மூலமும் அதே கிராஸ்ஓவரைக் கடந்து வருகிறதா என்பதை டிரைவைப் பூஜ்யமாக்கிச் சோதித்த பிறகுதான். அதே காரணத்தால் வலந்தலைத் தடத்திலும் அதே பிளகினை, டிரைவே இல்லாமல், அதே வெட்டுகளோடு வைத்தேன். இரண்டு மைக்குகளும் ஒரே அளவு சுழன்றால்தான் அவை கூடும்போது ஒலி மெலியாது. நேர்கட்ட வடிகட்டி இந்தச் சுழற்சியைத் தவிர்க்கும் என்றாலும், அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய முன்னொலியை அது கிளப்பும். தோல் கருவிக்கு அதைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை.

இரண்டாவது எச்சரிக்கை மின்சார இரைச்சல். இடந்தலைத் தடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் மெல்லியதாகப் பதிந்திருந்தன. சாதாரணமாகக் கேட்டால் தெரியாது. வளைவு உச்சங்களைத் தட்டையாக்கி அடியில் கிடப்பதை மேலே கொண்டுவரும் என்பதால், டிரைவைக் கூட்டியதும் அடிகளுக்கிடையே ஹம் எழுந்து நின்றது. மேலும் நம் பேஸ் 49, ஹம் 50. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் இடங்களில் நொடிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் ஓர் ஊசலாட்டம் கேட்டது. சுருதி நான்கு கட்டையாக இருந்திருந்தால் அடி 44 ஹெர்ட்ஸை ஒட்டி விலகியிருக்கும். ஹம்மை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் நீக்க வேண்டும். பின்னால் நீக்கினால், அதிலிருந்து பிறந்த மடங்குகளையும் துரத்திக்கொண்டு போக வேண்டும். 50-இலும் 100-இலும் மிகக் குறுகலான இரண்டு வெட்டுகள், அடிகளுக்கிடையே மூடும் ஒரு கேட், அதன் பிறகே வளைவு என்ற வரிசையில் தடம் அமைதியானது. 100-இல் இட்ட குறுகிய வெட்டு இழுப்பின் நடுவே வருகிறதே என்ற கவலை நியாயமானது. சுரம் அந்த இடத்தை ஒரு கணத்தில் கடந்துவிடுவதால் காதுக்கு எட்டவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரி உறுமலும் இதே வழியில் மேலே வந்திருக்கும். டோலக்கை இரவில் பதிந்ததால் அந்தத் தொல்லை குறைந்தது.

தொடாமல் விட்டவை

ஹார்மோனியத்தில் டிஸ்டார்ஷன் வைக்கவில்லை. அதன் ரீடுகளே ஹார்மோனிக்குகள் நிறைந்தவை. போனில் அது எப்போதும் கேட்கும். அதற்கும் மேலான காரணம், அது இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தால் கேடில்லை. 392-உம் 587-உம் கழிந்து 195 தரும்; அது கீழ் ஷட்ஜமான 196-ஐ ஏறத்தாழத் தொட்டுவிடுகிறது. கிட்டார்க்காரர்கள் கனத்த டிஸ்டார்ஷனில் இந்த இணையையே விரும்புவதற்கும் இதுவே காரணம். ஆனால் அந்தரக் காந்தாரம் சேர்ந்தால் 494 இலிருந்து 392 கழிந்து 102 வரும். ஷட்ஜமோ 98. சுருதியிலிருந்து ஓர் அரைச்சுரத்தில் பாதிக்கும் மேலாக விலகிய அந்த உறுமல் பேஸின் மீதே வந்து விழும். எத்தனை பட்டையாகப் பிரித்தாலும் ஒரே கருவியின் பக்கத்துச் சுரங்களைப் பிரிக்க முடியாது. கோரஸுக்கும் இதே நியாயம்.

முன்னணிக் குரலையும் விட்டுவிட்டேன். 1500 முதல் 4000 வரை ஒரு பட்டையில் சிறிது சாச்சுரேஷன் வைத்தால் குரல் முன்னே வரும் என்பது உண்மை. பல பாடல்களில் நான் செய்வதும் உண்டு. இந்தப் பாடகரின் தொண்டையிலேயே அந்தக் கரகரப்பு இருக்கிறது. திறந்த வெளியில், மைக் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவே பாடிப் பழகிய குரல் அது. இயந்திரத்தால் இன்னொரு அடுக்கு சேர்த்தபோது அவர் வல்லினத்தை அழுத்திச் சொல்வதும் மெல்லினத்தில் குழைவதும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. கருவி எங்கே தோற்கிறதோ அங்கே டிஸ்டார்ஷன் உதவட்டும். கலைஞர் ஏற்கெனவே தந்திருப்பதை அது மறைக்கக் கூடாது.

கைத்தட்டின் மேல்பட்டையில் மட்டும் சிறிது பயன்படுத்தினேன். அங்கே கவனிக்க வேண்டியது ஏலியாசிங். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 24-க்கு மேல் எதுவும் இருக்க முடியாது. 10 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம் மடங்கான 30 மடங்கித் திரும்பி 18-இல் விழும், 7-இன் ஐந்தாம் மடங்கான 35 திரும்பி 13-இல் விழும். எதற்கும் மடங்கல்லாத இந்த ஒலிகள் கண்ணாடித் தூள்போல் கூசும். நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (பிளகினுக்குள் மாதிரி வேகத்தை உயர்த்திக் கணக்கிடுவது) போட்டதும் அடங்கியது. கணினி திணறினால் அந்தத் தடத்தை மட்டும் ஆடியோவாக மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்டரும் கேட்ட இடங்களும்

ஒவ்வொரு கட்டத்திலும் பிளகின் உள்ளபோதும் இல்லாதபோதும் சத்தம் சமமாக இருக்கும்படி வெளியளவைச் சரிசெய்துதான் ஒப்பிட்டோம். டிஸ்டார்ஷன் சத்தத்தைக் கூட்டுகிறது. கூடிய சத்தம் எப்போதும் நன்றாகவே தோன்றும். இளைஞருக்கு முதலில் இது வேண்டாத வேலையாகப் பட்டது. சமப்படுத்திய பிறகு அவருக்குப் பிடித்திருந்த இரண்டு அமைப்புகளை அவரே அணைத்துவிட்டார்.

மாஸ்டரில் பட்டைவாரி டிஸ்டார்ஷன் இல்லை. ஒரு லிமிட்டர் மட்டும். எவ்வளவு சத்தமாகக் கொடுப்பது என்பதில் எதிரெதிரான இரண்டு தேவைகள் இருந்தன. யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்.-க்கு (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) மேல் இருப்பதைத் தானே இறக்கிவிடும். முதல் மிக்ஸ் மைனஸ் 7-இல் இருந்ததால், அங்கே பாதி உயிர் நசுங்கிய நிலையில், சத்தமும் இறங்கித்தான் ஒலித்திருக்கும். ஆனால் ஷேர் ஆட்டோக்காரர் பென்டிரைவில் ஏற்றிப் போடும் கோப்பை யாரும் இறக்குவதில்லை. பக்கத்துப் பாட்டைவிடச் சன்னமாக இருந்தால் அவர் தாண்டிப் போய்விடுவார். மைனஸ் 10, உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று முடிவு செய்தோம். டோலக்கின் உச்சங்கள் முன்பே தணிந்திருந்ததால் அந்த அளவுக்கு லிமிட்டர் அதிகம் உழைக்கவில்லை.

போனில் டோலக்காரர்தான் முதலில் கேட்டார். இரண்டாம் சரணத்தின் முடிவில் வரும் தம் இழுப்பு வரும்வரை பேசாமல் இருந்தார். வந்ததும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "கை வெச்சது கேக்குதுப்பா" என்றார். ஷேர் ஆட்டோவில் முதல் மிக்ஸின் குலுக்கல் இல்லை. பேஸின் மூலத்தை 3 டெசிபல் இறக்க முடிந்ததே அதற்குக் காரணம், ஏனெனில் பேஸ் கேட்பதற்கு இப்போது அது ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. டீக்கடை புளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் 200 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு வீக்கம் தெரிந்தது. அந்த வகைப் பெட்டிகள் அந்தப் பகுதியைத் தாமே தூக்கிக் காட்டும். பேஸ் நகலின் நான்காம் மடங்கும் அங்கேயே விழுகிறது. நகலில் 200-ஐ 2 டெசிபல் தணித்ததும் சரியானது.

சவுண்ட் சர்வீஸ் பெட்டிகளின் நிலை வேறு. பதினெட்டு அங்குல வூஃபர்கள் 49 ஹெர்ட்ஸை முழுதாகத் தருகின்றன; அங்கே ஹார்மோனிக்குகள் உதவிக்கு வேண்டியதில்லை, மேலதிகமாகத்தான் சேர்கின்றன. அவை பெரும்பாலும் மோனோவில் (இடம், வலம் என்ற பிரிவில்லாமல்) ஓடுவதால், கீழ்ப்பட்டை முழுவதையும் இடம், வலம் பிரிக்காமல் நடுவிலேயே வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. ஆடி விழாவுக்கென்று தனியாக ஒரு கோப்பு தந்தேன்: பேஸ் நகல் 5 டெசிபல் குறைவு, டோலக்கின் கீழ்ப்பட்டை டிரைவ் பாதி, லிமிட்டர் அளவு மைனஸ் 12. யூடியூபுக்கும் பென்டிரைவுக்கும் போவது முதல் கோப்பு; தெருமுனைக்குப் போவது இது. இரண்டின் பெயரிலும் எது எதற்கு என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம்.